ஸ்வீப்ஸ்டேக்ஸ் கேசினோக்களை அமெரிக்க மாநிலங்கள் மடக்கிய கதை

ஸ்வீப்ஸ்டேக்ஸ் கேசினோ என்ற இணையத் தளங்கள் விற்கும் ஒரு பேக்கேஜை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். பத்து டாலர் கட்டினால் லட்சக்கணக்கில் ‘கோல்டு காயின்’ என்று திரையில் பெரிதாகப் போட்டிருக்கும். அதன் பக்கத்திலேயே, பத்து ‘ஸ்வீப்ஸ் காயின்’ இலவசம் என்று இன்னொரு வரி. கோல்டு காயினை வைத்து நாள் முழுக்க ஸ்லாட் என்ற, படங்கள் சுழலும் ஆட்டத்தை ஆடலாம், ஆனால் ஜெயித்தாலும் தோற்றாலும் அது திரையில் ஓடும் எண் மட்டும்தான். ஸ்வீப்ஸ் காயின் அப்படியல்ல. அதை ஒருமுறையாவது பந்தயம் வைத்து ஆடிவிட்டு, மிஞ்சியதை ஒரு காயினுக்கு ஒரு டாலர் என்ற கணக்கில் வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆக, கட்டியது பத்து டாலர், இனாமாக வந்ததும் பத்து டாலர் பெறும் காயின்.

அமெரிக்காவில் ஸ்வீப்ஸ்டேக்ஸ் (அதாவது பரிசுப் போட்டி) கேசினோ என்று அழைக்கப்படும் தொழில் முழுவதும் இந்த ஒரு ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. சம்பா கேசினோ, லக்கிலேண்ட் ஸ்லாட்ஸ், குளோபல் போக்கர், ஸ்டேக் யுஎஸ், ஹை ஃபைவ், பல்ஸ், மெக்லக், வாவ் வேகாஸ் என்று இதில் பெயர்கள் ஏராளம். இணையத்தில் முழு அளவில் கேசினோ நடத்த 2025 வரை உரிமம் தந்து வந்த மாநிலங்கள் ஏழுதான்: நியூ ஜெர்சி, டெலவேர், பென்சில்வேனியா, வெஸ்ட் வர்ஜீனியா, மிச்சிகன், கனெக்டிகட், ரோட் ஐலண்ட். நெவாடாவில் இணையப் போக்கருக்கு மட்டும் அனுமதி. ஆனால் இந்தத் தளங்கள் எந்தச் சூதாட்ட உரிமமும் வாங்காமல், உரிமம் பெற்ற கேசினோ கட்டும் சூதாட்ட வரியும் கட்டாமல், பெரும்பாலான மாநிலங்களில் நடந்துகொண்டிருந்தன. 2025-இல் காற்று திசை மாறியது. அந்த ஒரே வருடத்தில் ஆறு மாநிலங்கள் இவற்றைக் குறிவைத்துச் சட்டம் போட்டன. வேறு பல மாநிலங்கள் நோட்டீஸ் அனுப்பின, வழக்குத் தொடுத்தன.

இது சூதாட்டமா இல்லையா என்ற கேள்விக்கு இங்கே நான் அதிக நேரம் செலவிடப் போவதில்லை. சூதாட்டம்தான் என்பது என் உறுதியான எண்ணம். இத்தனை வருடம் எப்படித் தப்பித்தார்கள், கடைசியில் எந்த ஆயுதம் வேலை செய்தது என்பதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

முதலில் சட்டத்தின் அடிப்படை. பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் ஒன்றைச் சூதாட்டம் என்று சொல்ல மூன்று அம்சங்கள் சேர வேண்டும். ஆடுபவர் ஏதாவது விலை கொடுத்திருக்க வேண்டும், முடிவு அதிர்ஷ்டத்தால் தீர்மானமாக வேண்டும், ஜெயித்தால் பரிசு இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் அது சூதாட்டம் ஆகாது. மெக்டொனால்ட்ஸ் பல வருடம் நடத்திய மொனாப்பலி பரிசுப் போட்டியும், பப்ளிஷர்ஸ் கிளியரிங் ஹவுஸ் வீட்டு வாசலில் பெரிய காசோலையோடு வந்து நிற்பதும் இந்த வழியில்தான் சட்டத்துக்கு உட்பட்டு நடந்தன. ‘எதுவும் வாங்க வேண்டிய அவசியமில்லை’ என்று எழுதி, பணம் கட்டாமலும் கலந்துகொள்ள ஒரு வழி வைத்துவிடுவார்கள். விலை என்ற அம்சம் போய்விடும்.

அதில் தப்பு சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பர்கர் கடைக்கு வருகிறவர் பர்கருக்காக வருகிறார். பரிசுப் போட்டி சில வாரம் நடக்கும், அப்புறம் முடிந்துவிடும். போட்டியை எடுத்துவிட்டாலும் பர்கர் விற்கும். ஸ்வீப்ஸ்டேக்ஸ் கேசினோவில் ஸ்வீப்ஸ் காயினை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டுப் பாருங்கள். பணமாக மாறாத கோல்டு காயின் மிஞ்சும். அதற்காக மட்டும் மாதம் நூற்றுக்கணக்கான டாலர் கட்டுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

பணம் கட்டாமல் கலந்துகொள்ளும் அந்த வழியையும் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் நிறுவனங்களின் மொத்த வாதமும் அதில்தான் இருக்கிறது. பல தளங்களில் அதற்குத் தபாலில் எழுதிப் போட வேண்டும். அட்டை இந்த அளவில் இருக்க வேண்டும். கையால்தான் எழுத வேண்டும், அச்சடிக்கக் கூடாது. விதிமுறையில் கொடுத்திருக்கும் வாசகத்தை எழுத்து மாறாமல் எழுத வேண்டும். பெயர், முகவரி, கணக்கோடு இணைந்த மின்னஞ்சல், சில தளங்களில் உள்ளே போய் எடுத்த ஒரு குறியீடு. ஓர் உறைக்குள் ஓர் அட்டைதான். ஒரு வார்த்தை பிசகினாலும் நிராகரிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. இவ்வளவும் சரியாகச் செய்தால், தளத்தைப் பொறுத்து சில டாலர் பெறும் ஸ்வீப்ஸ் காயின் சில வாரம் கழித்துக் கணக்கில் ஏறும். அமெரிக்காவில் ஒரு சாதாரணத் தபால்தலை 2025 ஜூலையில் 78 சென்ட் ஆனது. திரையில் ஒரு விரல் அழுத்தினால் வங்கி அட்டையிலிருந்து பணம் போய் அந்த நொடியே காயின் வந்துவிடுகிற இடத்தில், இப்படி ஒரு வழி இருப்பதை வைத்து ‘யாரும் பணம் கட்டத் தேவையில்லை’ என்று நீதிமன்றத்தில் சொல்கிறார்கள்.

இந்த வாதம் இவர்கள் கண்டுபிடித்தது அல்ல. 2000-களில் அமெரிக்கச் சிறுநகரங்களின் கடைத்தெருக்களில் ‘இன்டர்நெட் கஃபே’ என்ற பெயரில் கடைகள் முளைத்தன. இணைய நேரமோ தொலைபேசி அட்டையோ விற்பார்கள். வாங்கியவருக்குப் பரிசுப் போட்டிப் புள்ளிகள் இனாம். அந்தப் புள்ளிகளை வைத்து, கணினித் திரையில் ஸ்லாட் மெஷின் போலவே சுழலும் ஆட்டம் ஆடலாம். தொலைபேசி அட்டையை வாங்கிய பலர் அதில் ஒரு நிமிடம்கூடப் பேசாமல் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஃபுளோரிடாவில் இது 2013 மார்ச்சில் வெடித்தது. முன்னாள் ராணுவ வீரர்களுக்கு உதவும் அறக்கட்டளை என்று சொல்லிக்கொண்ட அலைடு வெட்டரன்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் என்ற அமைப்பின் கஃபேக்களில் சோதனை நடந்து பலர் கைதானார்கள். அந்த அமைப்புக்கு முன்பு மக்கள் தொடர்பு ஆலோசகராக வேலை பார்த்திருந்த துணை கவர்னர் ஜெனிஃபர் கேரல், அவர் மேல் குற்றச்சாட்டு எதுவும் பதிவாகாத நிலையிலும், பதவி விலகினார். அடுத்த மாதமே மாநிலம் அந்த வகைக் கடைகளைத் தடை செய்துவிட்டது. வட கரோலினா 2010-இலேயே தடைச் சட்டம் போட்டிருந்தது. 2012 டிசம்பரில் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது.

எனக்கு முக்கியமாகப் படுவது கலிஃபோர்னியா வழக்கு. கெர்ன் கவுன்ட்டியின் மாவட்ட வழக்கறிஞர் லிசா கிரீன், பேக்கர்ஸ்ஃபீல்டு பகுதியில் இருந்த இப்படிப்பட்ட கஃபேக்கள் மேல் வழக்குப் போட்டார். நடத்தியவர்கள் நுணுக்கமான ஒரு வாதம் வைத்தார்கள். லாட்டரிச் சீட்டுக் கட்டு போல, எந்தப் புள்ளிக்கு எந்தப் பரிசு என்பது முன்கூட்டியே வரிசையாக முடிவாகிவிட்டது. கணினி அதைக் காட்டும் வேலையைத்தான் செய்கிறது. ஆகவே இயந்திரத்தில் அதிர்ஷ்டம் என்பதே கிடையாது என்றார்கள். 2015 ஜூனில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாக இதை ஏற்க மறுத்தார்கள். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வரும் என்று தெரியாது, அவரால் அதை மாற்றவும் முடியாது. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது அதிர்ஷ்டம்தான், அந்தக் கணினி சட்டப்படி ஸ்லாட் மெஷின்தான் என்றார்கள்.

அதாவது உருவத்தைக் காட்டி உள்ளடக்கத்தை மறைக்கும் வேலை செல்லாது என்று அமெரிக்காவிலேயே அதிக மக்கள்தொகை கொண்ட மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2015-இலேயே சொல்லிவிட்டது. சம்பா கேசினோ அப்போது நடந்துகொண்டுதான் இருந்தது. அதற்குப் பிறகும் பத்து வருடம் அதே மாநிலத்தில் நடந்தது.

சம்பாவை நடத்துவது விஜிடபிள்யூ. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் லாரன்ஸ் எஸ்கலான்டே 2010-இல் தொடங்கிய நிறுவனம் இது. கஃபேக்களின் அதே தத்துவத்தை எடுத்து, கடை வாடகை, கணினி, காவல்காரன் எல்லாவற்றையும் கழித்துவிட்டுக் கைப்பேசிக்குள் வைத்தார்கள். 2020-இல் கொரோனா வந்து கேசினோக்கள் கதவை மூடியபோது வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் இங்கே வந்தார்கள். சில வருடங்களில் அந்த நிறுவனத்தின் ஆண்டு வருவாய் 6 பில்லியன் ஆஸ்திரேலிய டாலரைத் தொட்டது. ஏறக்குறைய எல்லாமே அமெரிக்கர்களின் பணம். தொலைக்காட்சித் தொகுப்பாளர் ரயன் சீக்ரெஸ்ட் சம்பா விளம்பரங்களின் முகமானார். 2022-இல் ஸ்டேக் யுஎஸ் வந்தது. ராப் பாடகர் டிரேக் அந்த பிராண்டின் முகமானார். லாபத்தைப் பார்த்து டஜன் கணக்கில் புதிய தளங்கள் கிளம்பின.

மாநிலங்கள் ஏன் தூங்கின? ஒரு காரணம், அமெரிக்காவில் சூதாட்டம் அடிப்படையில் மாநில விவகாரம். மத்திய அரசு பெரும்பாலும் ஒதுங்கியே இருக்கும். இன்னொன்று, ஆள் கையில் அகப்படுவதில்லை. பேக்கர்ஸ்ஃபீல்டு கஃபே என்றால் போலீஸ் போய்க் கணினிகளை அள்ளிக்கொண்டு வரலாம், கடைக்காரரை நிறுத்திக் கேள்வி கேட்கலாம். இங்கே நிறுவனம் மால்டாவில் பதிவாகியிருக்கும், இல்லையென்றால் சைப்ரஸில். ஒரு மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம் அங்கே வரை போய் வழக்கு நடத்தப் போவதில்லை. மூன்றாவது காரணத்தைப் பலர் சொல்லத் தயங்குகிறார்கள்: அழுத்தம் கொடுக்க யாரும் இல்லை. பணம் இழந்தவர்கள் கூட்டமாகச் சேர்ந்து வருவதில்லை, வெட்கத்தோடு வாயை மூடிக்கொள்கிறார்கள். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத் தடையை நீக்கியபின் மாநிலம் மாநிலமாக உரிமம் வாங்கி, வரி கட்டி, இணையத்தில் இறங்கிய பெரிய நிறுவனங்கள்தான் ‘நாங்கள் வரி கட்டுகிறோம், பக்கத்தில் ஒருவன் கட்டாமல் அதே வியாபாரம் செய்கிறானே’ என்று குரல் எழுப்பின. அவர்களின் சங்கமான அமெரிக்கன் கேமிங் அசோசியேஷன் 2024-இல் இதை வெளிப்படையாகவே பேச ஆரம்பித்தது.

வாஷிங்டன் மாநிலம் மட்டும் முன்பே வேறு மாதிரி. அங்கே சட்டம் கடுமை. 2018-இல் பிக் ஃபிஷ் கேசினோ என்ற செயலி பற்றிய வழக்கில், பணமாக மாற்றவே முடியாத மெய்நிகர் சிப்ஸ்கூட அந்த மாநிலச் சட்டப்படி மதிப்புள்ள பொருள்தான் என்று ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கடைசியில் 155 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. பெரிய ஸ்வீப்ஸ்டேக்ஸ் தளங்கள் பல அந்த மாநிலத்தைத் தாங்களாகவே ஒதுக்கி வைத்தன. ‘எங்கள் தொழில் எங்கும் சட்டப்படியானது’ என்று பேசியவர்களுக்கு எங்கே கால் வைக்கக் கூடாது என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

மாநிலங்கள் கையில் எடுத்த முதல் ஆயுதம் நோட்டீஸ். ‘உங்கள் ஆட்டம் எங்கள் சட்டத்துக்கு விரோதம், உடனே நிறுத்துங்கள்’ என்று ஒரு கடிதம். மிச்சிகன் மாநிலச் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் இதில் முன்னோடி. 2023 முடிவதற்குள் விஜிடபிள்யூ அங்கிருந்து விலகத் தொடங்கியது. 2025 ஜூனில் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) லெட்டீஷியா ஜேம்ஸ், மாநில கேமிங் ஆணையத்தோடு சேர்ந்து அனுப்பிய கடிதங்களால் 26 தளங்கள் அங்கே ஸ்வீப்ஸ் காயின் விற்பதை நிறுத்திவிட்டன என்று அறிவித்தார். அதே வருடக் கடைசியில் டென்னசி அட்டர்னி ஜெனரல் ஜொனதன் ஸ்கர்மெட்டியும் ஏறக்குறைய 40 தளங்களுக்கு இப்படி எழுதினார். மேரிலேண்ட், இல்லினாய், அரிசோனா என்று பட்டியல் நீளும்.

கடிதத்தால் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். தபால் செலவில் 26 கேசினோக்கள் மூடுவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கடிதம் பாய்வது பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் மேல்தான். நாளைக்கு முறையான உரிமம் கேட்டு வரலாம் என்ற ஆசை உள்ள நிறுவனம் பணிந்துபோகும். அந்த ஆசை இல்லாதவன் கடிதத்தைக் குப்பையில் போடுவான், இல்லையென்றால் பெயரை மாற்றிக்கொண்டு வேறு முகவரியில் வருவான். பணிந்துபோகிறவர்களும் ‘நாங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை, வியாபாரக் காரணங்களுக்காக விலகுகிறோம்’ என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். நீதிமன்றம் இது சூதாட்டம் என்று தீர்ப்பெழுதும் நிலை வருவதற்குள் ஆள் நகர்ந்துவிடுவார்.

கனெக்டிகட் இதைவிட ஒருபடி மேலே போனது. அங்கே கிடைத்த பிடி சுவாரசியமானது. ஹை ஃபைவ் கேம்ஸ் நிறுவனம் ஸ்வீப்ஸ்டேக்ஸ் கேசினோ நடத்தியது மட்டுமல்ல, அந்த மாநிலத்தின் உரிமம் பெற்ற கேசினோக்களுக்கு ஸ்லாட் ஆட்டங்களை விற்கும் நிறுவனமும்கூட. அதாவது மாநிலம் கொடுத்த உரிமம் அதன் கையில் இருந்தது. 2025 மார்ச்சில் நுகர்வோர் பாதுகாப்புத் துறை அந்த உரிமத்தை இடைநிறுத்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சட்டமீறல்களைப் பட்டியலிட்டது. ‘எனக்குச் சூதாட்டப் பழக்கம் கட்டுப்படவில்லை, என்னை உள்ளே விடாதீர்கள்’ என்று மாநிலத்திடம் தாங்களே பெயர் கொடுத்துவைத்தவர்களையும் இந்தத் தளம் ஆட விட்டிருந்தது என்பது அந்தப் பட்டியலில் இருந்த விஷயங்களில் ஒன்று. சில வாரங்களில் 1.5 மில்லியன் டாலருக்குச் சமரசம் முடிந்தது. அதில் ஒரு பங்கு பணம் இழந்தவர்களுக்குத் திரும்பப் போனது.

கவனியுங்கள், மால்டாவுக்கோ சைப்ரஸுக்கோ யாரும் துரத்திக்கொண்டு போகவில்லை. உள்ளூரில் இழக்க ஒன்று இருந்தது, அதைப் பிடித்தார்கள், வேலை முடிந்தது. இந்த விவகாரம் முழுவதிலும் எனக்குப் புரிந்த முக்கியமான பாடம் இதுதான். சட்டப் புத்தகத்தில் போதுமான வாசகம் முன்பே இருந்தது. அதை யார் மேல் வைத்து அழுத்துவது என்பதுதான் பிடிபடாமல் இருந்தது.

லூசியானா கவர்னர் ஜெஃப் லாண்ட்ரிகூட ஒரு வகையில் இதையேதான் சொன்னார். அங்கே சட்டமன்றம் தடை மசோதாவை நிறைவேற்றி அனுப்பியபோது, 2025 ஜூனில் அவர் அதை நிராகரித்துவிட்டார். இருக்கிற சட்டத்திலேயே கேமிங் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது, புதிதாக ஒன்று எதற்கு என்பது அவர் நிலை. தடையை எதிர்த்தவர்கள் சந்தோஷப்படுவதற்குள் வாரியம் 40-க்கும் மேற்பட்ட நோட்டீஸ்களை அனுப்பிவிட்டது.

மற்ற மாநிலங்கள் புதிய சட்டம் வேண்டும் என்றே முடிவெடுத்தன. மொன்டானாதான் முதலில், கவர்னர் கிரெக் ஜியான்ஃபோர்டே 2025 மே மாதம் கையெழுத்திட்டார், அக்டோபர் 1 முதல் அமல். 50,000 டாலர் வரை அபராதம், 10 வருடம் வரை சிறை. கனெக்டிகட் சட்டமும் அதே தேதியில் அமலுக்கு வந்தது. நெவாடா, உரிமம் இல்லாத எல்லாச் சூதாட்டத்துக்கும் தண்டனையைக் கூட்டியது. நியூ ஜெர்சியில் ஆகஸ்டில் கவர்னர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்டார்: முதல் மீறலுக்கு 100,000 டாலர், அடுத்ததற்கு 250,000. அந்த மாநிலத்தில் வேடிக்கை என்னவென்றால், தடை மசோதாவைக் கொண்டுவந்த சட்டமன்ற உறுப்பினர் கிளின்டன் கலபிரேஸ் அதே வருடத் தொடக்கத்தில் இந்தத் தளங்களுக்கு உரிமம் கொடுத்து முறைப்படுத்தலாம் என்று ஒரு மசோதா வைத்திருந்தவர். சில மாதங்களில் அரசியல் காற்று எவ்வளவு மாறியது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம். நியூயார்க்கில் செனட்டர் ஜோசப் அடாபோவின் மசோதாவில் கவர்னர் கேத்தி ஹோக்குல் டிசம்பரில் கையெழுத்திட்டார்.

இந்தச் சட்டங்களில் பல, ‘இது சூதாட்டமா’ என்ற பழைய மூன்று அம்ச விவாதத்துக்குள்ளேயே போவதில்லை. இரண்டு வகைக் காயின் வைத்து, ஒன்றைப் பணமாகவோ பணத்துக்குச் சமமான ஒன்றாகவோ மாற்றவிட்டு, கேசினோ போன்ற ஆட்டம் நடத்தினால் அது தடை என்று ஏற்பாட்டையே நேரடியாக வர்ணித்துவிடுகின்றன. தபால் அட்டை வழி இருக்கிறதா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்னொரு அம்சம் இன்னும் முக்கியம். தளம் நடத்துபவரோடு நிற்காமல், பணப் பரிமாற்றம் செய்து கொடுப்பவர், ஆட்டங்களை உருவாக்கித் தருபவர், விளம்பரம் பிடித்துத் தருபவர் என்று உடந்தையாக இருப்பவர்களையும் வலைக்குள் இழுக்கின்றன.

கலிஃபோர்னியாவில் இந்தச் சண்டை எல்லா இடத்தையும்விடச் சிக்கலாக நடந்தது, ஏனென்றால் அங்கே சூதாட்டம் என்றாலே பூர்வகுடி இனங்களின் பிழைப்பு பற்றிய பேச்சு. 1987-இல் கபசான் இனத்தார், தங்கள் நிலத்தில் சூதாட்டம் நடத்துவது பற்றிய வழக்கில், கலிஃபோர்னியாவுக்கு எதிராக அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். மறுவருடம் நாடாளுமன்றம் பூர்வகுடி சூதாட்டச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2000-இல் வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு ஸ்லாட் மெஷின் நடத்தும் தனியுரிமையைப் பூர்வகுடி இனங்களுக்குக் கொடுத்தார்கள். பல தலைமுறையாக நிலம் பறிக்கப்பட்டு வறுமையில் தள்ளப்பட்டவர்கள், அந்த வருமானத்தில்தான் மருத்துவமனையும் பள்ளியும் வீடும் கட்டிக்கொண்டார்கள். 2022-இல் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதற்கான இரண்டு முன்மொழிவுகளை மக்கள் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். இப்படி ஓட்டுப் போட்டு வேலி கட்டிய மாநிலத்தில், வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஒவ்வொரு கைப்பேசியிலும் ஸ்லாட் மெஷின் வைத்துவிட்டது என்பதுதான் பெரிய இனங்களின் கோபம்.

சட்டமன்ற உறுப்பினர் அவெலினோ வலென்சியாவின் ஏபி 831 மசோதாவுக்கு அவர்கள் முழு பலத்தையும் கொடுத்தார்கள். ஆனால் எல்லா இனமும் ஒரே பக்கம் நிற்கவில்லை. கொலூசா கவுன்ட்டியைச் சேர்ந்த சிறிய இனமான கிளெட்செல் டெஹே வின்டுன், விஜிடபிள்யூவோடு கூட்டு வைத்து மசோதாவை எதிர்த்தது. நெடுஞ்சாலை ஓரத்தில், பெரிய நகரங்களுக்குப் பக்கத்தில் நிலம் உள்ளவர்கள் கேசினோ கட்டிப் பணக்காரர்கள் ஆகிவிட்டார்கள். ஒதுக்குப்புறத்தில் இருக்கிற எங்களுக்கு இணையம்தான் வழி, அதையும் மூடுகிறீர்களே என்பது அவர்கள் தரப்பு. அந்த வேதனையை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் சிறிய இனங்களுக்கு வருமானம் வேண்டும் என்பதற்கு, கண்காணிப்பே இல்லாத கேசினோவில் பொதுமக்கள் பணம் இழப்பது பரிகாரம் ஆகாது. வருமானப் பங்கீட்டை மாநிலமும் பெரிய இனங்களும் பேசித் தீர்க்க வேண்டும். மசோதா எதிர்வாக்கே இல்லாமல் நிறைவேறி, 2025 அக்டோபரில் கவர்னர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார். 2026 ஜனவரி 1 முதல் அமல். 25,000 டாலர் வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை.

மசோதா சட்டமாவதற்கு முன்பே லாஸ் ஏஞ்சலஸ் நகர வழக்கறிஞர் ஹைடி ஃபெல்ட்ஸ்டீன் சோட்டோ ஸ்டேக் யுஎஸ் மேல் வழக்குப் போட்டிருந்தார். பழைய சட்டங்களை வைத்தே போட்ட வழக்கு அது. ஆட்டங்களை உருவாக்கிக் கொடுத்த எவல்யூஷன், பிராக்மாட்டிக் பிளே போன்ற நிறுவனங்களையும் அதில் பிரதிவாதிகளாகச் சேர்த்துவிட்டார். உலகம் முழுக்க உரிமம் பெற்ற கேசினோக்களுக்கு ஆட்டம் விற்கிறவர்கள் இவர்கள். அமெரிக்காவில் ‘சட்டவிரோதச் சூதாட்டத்துக்கு உடந்தை’ என்று பெயர் வந்தால் மற்ற இடங்களில் உரிமம் ஆட்டம் காணும். சில நாட்களுக்குள் பிராக்மாட்டிக் பிளே அமெரிக்க ஸ்வீப்ஸ்டேக்ஸ் சந்தையிலிருந்தே முழுதாக விலகுவதாக அறிவித்தது. நோட்டீஸ் மேல் நோட்டீஸ் அனுப்பி வருடக்கணக்கில் நடக்காத ஒன்று, ஒரு நகரம் போட்ட வழக்கில் நடந்தது. ஆட்டமே இல்லாத கேசினோவில் யார் என்ன ஆடுவது?

தொழில் தரப்பு இதையெல்லாம் பெரிய கேசினோக்களின் சதி என்கிறது. சோஷியல் கேமிங் லீடர்ஷிப் அலையன்ஸ் என்று ஓர் அமைப்பு தொடங்கி, முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் ஜெஃப் டங்கனைத் தலைமையில் வைத்து, ‘தடை வேண்டாம், வரி போடுங்கள், முறைப்படுத்துங்கள்’ என்று வாதாடினார்கள். போட்டியாளர்களின் அழுத்தம் இருந்தது உண்மைதான், மேலேயே சொன்னேன். ஆனால் ‘எங்களுடையது சூதாட்டமே இல்லை’ என்று பத்து வருடம் சொன்னவர்கள், கதவு மூடும்போது ‘சூதாட்ட வரி கட்டுகிறோம்’ என்று வருவது அந்தப் பத்து வருட வாதத்தையே கைவிடுவதுதான். உரிமம் பெற்ற கேசினோவில் வயது சரிபார்ப்பு, ஆட்டம் நேர்மையாக ஓடுகிறதா என்று வெளியாள் சோதனை, பழக்கத்தில் சிக்கியவர் தன்னை விலக்கிக்கொள்ளும் வசதி, புகார் செய்ய ஓர் அரசு அலுவலகம் எல்லாம் சட்டக் கட்டாயம். ஸ்வீப்ஸ்டேக்ஸ் தளத்தில் இவை நிறுவனத்தின் மனசைப் பொறுத்தது.

இதற்கிடையே கணிப்புச் சந்தைகள் என்ற அடுத்த மோதல் வந்துவிட்டது. கால்ஷி போன்ற நிறுவனங்கள், யார் ஜெயிப்பார்கள் என்று பணம் வைப்பதை நிதி ஒப்பந்தம் என்று அழைத்து, மத்திய வணிகப் பண்ட ஆணையத்தின் குடையின் கீழ் நிற்கின்றன. மாசசூசெட்ஸ் 2025 செப்டம்பரில் கால்ஷி மேல் வழக்குப் போட்டுவிட்டது. அங்கே மாநில அதிகாரமா மத்திய அதிகாரமா என்பது கேள்வி. அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

பணம் இழந்தவர்கள் கதைக்கு வருவோம். பலருக்குத் தெரியாத ஒரு பழைய சட்டம் இங்கே உயிர் பெற்றிருக்கிறது. 1710-இல் இங்கிலாந்தில் ஆன் ராணி காலத்தில் வந்த சட்டம், சூதாட்டத்தில் பணம் இழந்தவர் ஜெயித்தவரிடமிருந்து அதை வழக்குப் போட்டுத் திரும்ப வாங்கலாம் என்றது. குறித்த காலத்துக்குள் அவர் போடாவிட்டால், வேறு யார் வேண்டுமானாலும் வழக்குப் போட்டு மூன்று மடங்கு கேட்கலாம். அந்தச் சட்டத்தின் வாரிசுகள் கென்டக்கி, அலபாமா, ஜார்ஜியா, ஒஹையோ போன்ற மாநிலங்களின் புத்தகங்களில் இன்னும் இருக்கின்றன. குதிரைப் பந்தயக் காலத்து அந்த வாசகங்களை வைத்துத்தான் இன்று கைப்பேசி ஸ்லாட் மேல் வழக்குகள் நடக்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தில் 2025 பிப்ரவரியில் ஒரு ஜூரி, ஹை ஃபைவ் நிறுவனம் ஏறக்குறைய 25 மில்லியன் டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ஆனால் வழக்குப் போடப் போகிறவர் முன்னால் ஒரு சுவர் இருக்கிறது. கணக்குத் தொடங்கும்போது ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திய அந்தப் பொத்தானுக்குப் பின்னால், நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது, தனி நடுவர் முன்னால் ஒவ்வொருவராகத்தான் வர வேண்டும், கூட்டாகச் சேர்ந்து வழக்குப் போடக் கூடாது என்று எழுதியிருக்கும். ஐந்நூறு டாலர் இழந்தவர் அதற்காகத் தனியாக வக்கீல் வைக்கப் போவதில்லை. பல வழக்குகள் இந்த ஒரு விதியில்தான் முட்டி நிற்கின்றன.

அரசு வழக்குத் தொடுத்தால் அந்த விதி கட்டுப்படுத்தாது. அரசு எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லையே. ஆகவே பணத்தைத் திரும்ப வாங்கிக் கொடுக்கும் வலு மாநிலத்துக்குத்தான் இருக்கிறது. ‘நிறுத்து’ என்று மட்டும் சொல்லும் நோட்டீஸ், இதுவரை வாங்கியதை நிறுவனத்திடமே விட்டுவிடுகிறது. கனெக்டிகட் தன் சமரசத்தில் ஆடி இழந்தவர்களின் பங்கை எழுதி வாங்கியது. தடைச் சட்டம் போட்ட மற்ற மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் அடுத்த முறை பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது அந்த ஒரு பத்தியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.